பெர்மெத்துக்குத் தன்னார்வலராக வருகிறவர்களுக்கு

தெற்கு அல்பேனியாவில் வியோசா ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் பெர்மெத். தலைநகர் திரானாவிலிருந்து ஃபுர்கோன் என்கிற வேனில் வரலாம். பெரும்பாலும் காலையிலேயே கிளம்பிவிடும். மதியத்துக்கு மேல் வண்டியை நம்பாதீர்கள், முந்தின நாளே நேரம் விசாரித்துவிடுங்கள்.

வந்த புதிதில் வேலை எதுவும் நகரவில்லையே என்று பதற வேண்டாம். இங்கே வேலை காப்பிக் கடையில்தான் தொடங்குகிறது. பள்ளி ஆசிரியரோ நகராட்சி ஊழியரோ காப்பிக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். ஒரு சின்னக் கோப்பை எஸ்பிரசோவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். அப்பா என்ன செய்கிறார், கல்யாணம் ஆகிவிட்டதா, சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் நம் ஊர்க் கேள்விகள்தான். முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்த பிறகுதான் உங்கள் திட்டம் அவர்கள் காதில் ஏறும். பூர்வீகம் இந்தியா என்றால் அன்னை தெரசா பேச்சு வரும்; அவர் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர், திரானா விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். சாயங்காலம் ஊரே கடைத்தெருவில் காலார நடக்கும். அதை ஜிரோ என்பார்கள். பகலில் அலுவலகத்தில் பிடிக்க முடியாதவரை அங்கே பிடித்துவிடலாம்.

வீட்டுக்கு அழைத்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள், உள்ளே போட வேறு செருப்பு தருவார்கள். அப்புறம் சின்னத் தட்டில் கிளிகோ வரும், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். பிஞ்சு வால்நட்டை முழுசாகச் சர்க்கரைப் பாகில் காய்ச்சியது. கறுத்து மினுங்கும், கடித்தால் லேசாக நறுக்கென்று இருக்கும். பெர்மெத்தின் பெருமையே இதுதான், மிச்சம் வைக்காதீர்கள். வீட்டில் வடித்த ராக்கி என்கிற சாராயம் வேண்டாமென்றால் நெஞ்சில் கை வைத்து மறுத்தால் போதும், வருத்தப்பட மாட்டார்கள்.

தலையசைப்பை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். பக்கவாட்டில் ஆட்டினால் பெரும்பாலும் ஆமாம், மேலே தூக்கினால் இல்லை. இளைஞர்கள் இரண்டு விதமாகவும் ஆட்டுவார்கள். 'போ' என்றால் ஆமாம், 'யோ' என்றால் இல்லை. வாயால் சொல்வதைக் கேளுங்கள்.

காசு விஷயத்தில் இன்னும் கவனம். இந்த ஊர்ப் பணம் லெக். 1965-ல் பத்துப் பழைய லெக்கை ஒரு புதிய லெக்காக மாற்றினார்கள். ஆனாலும் பேச்சில் பழைய கணக்கு இன்னும் ஓடுகிறது. தக்காளிக்காரர் ஆயிரம் என்றால் நூறுதான் கேட்கிறார். சந்தேகம் வந்தால் பழையதா புதியதா என்று கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சைவக்காரர்கள் 'பா மிஷ்' என்று சொல்லப் பழகுங்கள், இறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். கீரை புரெக் (மெல்லிய மாவுக்குள் கீரை வைத்துச் சுட்டது), பீன்ஸ் சூப், தயிர், நல்ல ரொட்டி எல்லாம் கிடைக்கும். அரிசியும் கிடைக்கும். புளியும் சாம்பார்ப் பொடியும் ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள்.

வீடு பார்க்கும்போது தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். விறகு அடுப்பு எந்த அறையில் என்றும் கேளுங்கள். குளிர்காலத்தில் பல வீடுகளில் அந்த ஓர் அறைதான் சூடாக இருக்கும், படிப்பும் சாப்பாடும் அங்கேதான்.