மெத்தையைப் படுத்துப் பார்த்து வாங்குங்க

இடுப்பு வலி என்றால் வெறும் தரையில் ஜமக்காளம் விரித்துப் படு என்பதுதான் நம் கொங்குப் பக்கம் பெரியவர்கள் சொல்லும் முதல் வைத்தியம். ஆனால் ரொம்பக் கெட்டியான படுக்கை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வு, 2003ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்திருக்கிறது.

அதனால் கடையில் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு விலை பேசாதீங்க. வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்து நிமிடம் படுங்க. கூச்சமே வேண்டாம், தினமும் முதுகு கிடக்கப் போகும் இடம் அது. மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை விடுங்க. தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. கை நுழையவே இல்லை, இடுப்பு புதைகிறது என்றால் ரொம்ப மெத்து. ஒருக்களித்துப் படுப்பவர் என்றால் கூட வந்தவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்க. முதுகுத்தண்டு வளையாமல் நேராக இருக்க வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் நாரில் ரப்பர் பால் சேர்த்துச் செய்யும் மெத்தையில் காற்றோட்டம் உண்டு, கோடைக்கு நல்லது. கெட்டியாகத் தெரிந்தால் மேலே ஃபோம் அடுக்கு வைத்ததாகக் கேளுங்க. இலவம் பஞ்சு என்றால் அடிக்கடி வெயிலில் போட வேண்டும், அப்புறம் கட்டி தட்டினால் பிரித்து அடிக்கவும் வேண்டும்.

வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப் போனாலோ மெத்தையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்க.