லாட்ஜில் அமர்ந்த போதகரின் வாழ்க்கையைத் தேடி எழுதுவது எப்படி

1790 டிசம்பர் 29. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சேலம் துறைமுகம். அங்கே வில்லியம் பென்ட்லி என்ற போதகர் அன்று தான் பார்த்த ஒரு மனிதரைப் பற்றி நாட்குறிப்பில் எழுதுகிறார். மதராஸிலிருந்து வந்தவர், நல்ல கறுப்பு, நீண்ட கருமுடி, சாந்தமான முகம், உயரமான உடல்வாகு. கப்பல் தலைவர் ஒருவரோடு வந்திருக்கிறார். பெயரை மட்டும் எழுதவில்லை. பெயரில்லாத அந்த மதராஸ்காரரைத் தேடித்தான் நான் பென்ட்லியின் நாட்குறிப்புக்குள் போனேன். அவரைப் பற்றி மேற்கொண்டு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. பென்ட்லிதான் கிடைத்தார். அவர் ஒரு ஃப்ரீமேசன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தக் காலத்து அமெரிக்கப் போதகர்களில் பலர் மேசன் லாட்ஜில் இருந்தவர்கள். லாட்ஜ் என்றால் தங்கும் விடுதி அல்ல. ஃப்ரீமேசன்கள், சுருக்கமாக மேசன்கள், உறுதிமொழி எடுத்துச் சேரும் சகோதரர் சங்கம். அப்படி ஒருவரின் வாழ்க்கையை எழுத விரும்புகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்ட வழியைச் சொல்கிறேன்.

முதலில் லாட்ஜை ஒதுக்கி வையுங்கள். இரகசியம், சின்னங்கள் என்று அதிலிருந்து தொடங்கினால் மனிதர் தொலைந்துபோவார். சபையிலிருந்து தொடங்குங்கள். பென்ட்லி 1759இல் பாஸ்டனில் பிறந்தார், 1777இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றார், 1783 முதல் 1819இல் இறக்கும்வரை சேலத்துக் கிழக்குச் சபையின் போதகர். மணம் செய்துகொள்ளவில்லை. 1791இலிருந்து கிரவுனின்ஷீல்டு குடும்பத்து வீட்டில் குடியிருந்தார். இந்த எலும்புக்கூட்டை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நோட்டில் பக்கத்துக்கு நடுவே கோடு போட்டு இடப்பக்கம் சபை, வலப்பக்கம் லாட்ஜ் என்று நாள்வாரியாக எழுதி வாருங்கள்.

வலப்பக்கம் எழுத ஆரம்பித்ததுமே தேதிகள் படுத்தும். பென்ட்லி ராக்ஸ்பரியில் மாநிலப் பேரவை லாட்ஜின் (மாநிலத்து லாட்ஜ்களுக்கெல்லாம் தலைமையானது) முன் ஆற்றிய உரையின் முகப்பில் அக்டோபர் 12, 5796 என்று இருக்கிறது. மேசன்கள் உலகத்தில் ஒளி தோன்றியதிலிருந்து ஆண்டைக் கணக்கிடுவார்கள். நம் ஆண்டோடு 4000 கூட்டினால் அவர்கள் ஆண்டு. ஆக அது 1796. உங்கள் போதகர் இன்னும் முந்தியவர் என்றால் வேறொரு சிக்கலும் உண்டு. 1752க்கு முன் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் மார்ச் 25இல்தான் புத்தாண்டு பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத் தேதிகளில் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். இரண்டையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து திருநாள்கள். லாட்ஜுக்குப் பெரிய நாள்கள் இரண்டு: ஜூன் 24 யோவான் ஸ்நானகன் திருநாள், டிசம்பர் 27 சுவிசேஷகனான யோவான் திருநாள். போதகர் லாட்ஜுக்குப் பேசிய பேச்சு அச்சானதா என்று தேடும்போது முதலில் இந்த இரண்டு நாள்களைத்தான் பார்க்க வேண்டும். 1798இல் உஸ்டர் ஊரின் மார்னிங் ஸ்டார் லாட்ஜில் பென்ட்லி யோவான் ஸ்நானகன் திருநாளுக்குப் பேசினார். முகப்பில் ஜூன் 25 என்று இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து என் நோட்டில் 24 என்று திருத்திவிட்டேன். பல மாதம் கழித்து, பிலடெல்பியாவின் போதகர் வில்லியம் ஸ்மித் 1778இல் ஜார்ஜ் வாஷிங்டன் முன்னிலையில் செய்த மேசன் பிரசங்கத்தைப் பார்த்தேன். டிசம்பர் 27க்குப் பதில் 28! இரண்டு ஆண்டுகளுக்கும் நாள்காட்டியைப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது: இரண்டு திருநாளும் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருக்கின்றன. ஞாயிறு சபைக்கு உரியது, லாட்ஜ் திங்களுக்கு நகர்ந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் காலடி வைத்திருந்த போதகர் எதை முதலில் வைத்தார் என்பதை இந்த ஒரு நாள் வித்தியாசம் காட்டுகிறது. அச்சில் உள்ளதைத் திருத்தாதீர்கள், கிழமையைப் பாருங்கள்.

அந்த 1798 உரையை அதன் சூழல் தெரியாமல் படித்தால் வெறும் வாழ்த்துரைபோலத் தோன்றும். அந்த ஆண்டு மே 9, நாடு முழுவதும் உபவாச நாள். அன்று ஜெடிடையா மோர்ஸ் என்ற போதகர், இல்லுமினாட்டி என்ற ஐரோப்பிய இரகசியச் சங்கத்தின் சதி மேசன் லாட்ஜ்கள் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்துவிட்டது என்று பிரசங்க பீடத்திலிருந்து எச்சரித்தார். ஏழு வாரம்கூட ஆகவில்லை, பென்ட்லி உஸ்டரில் நின்று அதற்கு மறுப்புச் சொல்கிறார். மோர்ஸும் பென்ட்லியும் ஒரே சபைப் பிரிவின் போதகர்கள். ஆனால் அரசியலில் பென்ட்லி தாமஸ் ஜெபர்சன் பக்கம், மோர்ஸ் எதிர்ப்பக்கம். லாட்ஜ் உரை ஒன்றை எடுத்தால் அதற்கு முந்திய மூன்று மாதச் செய்தித்தாள்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இனிமேல் வருவது. பென்ட்லி ஞாயிறுதோறும் சபையார் கொடுத்த ஜெப விண்ணப்பங்களை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இன்னார் மனைவி பிரசவத்துக்காக நன்றி செலுத்துகிறாள், கடலில் இருக்கும் கணவனுக்காக ஜெபம் கேட்கிறாள் என்று ஒற்றை வரிகள். அந்தக் கணவன்மார் பெயர்களைத் தனியாக எழுதி, ஊர் லாட்ஜின் உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் வரும் பெயருக்கு அடிக்கோடு போடுங்கள். போதகருக்கு லாட்ஜ் என்னவாக இருந்தது என்பது அந்த அடிக்கோடுகளில்தான் தெரியவரும்: தன் சபை மாலுமியையே அவர் வேறொரு அறையிலும் சகோதரா என்று கூப்பிட்டாரா, அல்லது சபையில் இல்லாத ஆட்களைத் தேடி அங்கே போனாரா?

உங்கள் போதகர் கறுப்பினத்தவர் என்றால் வெள்ளையர் லாட்ஜ் ஏடுகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவர் தலைமையிலான பாஸ்டன் ஆப்பிரிக்க லாட்ஜுக்கு 1784இல் லண்டனில் சாசனம் வழங்கப்பட்டது, அது கைக்கு வந்தது 1787இல்தான். அதன் எண் 459. கறுப்பினப் போதகர் ஜான் மரன்ட் 1789 ஜூன் 24இல் அந்த லாட்ஜுக்குச் செய்த பிரசங்கம் அச்சில் இருக்கிறது. பிலடெல்பியாவில் போதகரும் மேசனுமான அப்சலம் ஜோன்ஸ் இருக்கிறார். இவர்களைத் தேட அந்த மரபின் ஏடுகளுக்கும் லண்டன் ஆவணங்களுக்கும்தான் போக வேண்டும்.

லாட்ஜ் நூலகத்துக்கு எழுதும்போது 'இவர் மேசனா?' என்று மட்டும் கேட்டால் ஆம், இல்லை என்ற பதிலோடு முடிந்துவிடும். மேசன் உறுப்பினருக்குரிய மூன்று படிகளையும் அவர் எந்தெந்தத் தேதியில் ஏறினார், சேப்லைன் (லாட்ஜில் ஜெபம் நடத்துபவர்) பதவி வகித்தாரா, வேறு லாட்ஜ்களின் கூட்டக் குறிப்பில் விருந்தினராக அவர் பெயர் வருகிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். 1826இல் நியூயார்க் மாநிலத்தில், மேசன் இரகசியங்களை அச்சிடப்போவதாகச் சொன்ன வில்லியம் மார்கன் காணாமல்போன பிறகு கிளம்பிய எதிர்ப்பில் எத்தனையோ லாட்ஜ்கள் மூடப்பட்டன, ஏடுகளும் சிதறின. உங்கள் ஆளின் லாட்ஜ் ஏடு அப்படிப் போயிருந்தால், பக்கத்து ஊர் லாட்ஜின் விருந்தினர் வரிசைதான் மிஞ்சியிருக்கும். அதைக் கேட்க மறக்காதீர்கள்.