தமிழ்ச் சொல்லை வைத்து இறையியல் பேசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேதபாட வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். அன்றைய பாடம் யோவான் நற்செய்தியின் முதல் வசனம். மேசைமேல் இரண்டு தமிழ் வேதாகமங்கள் விரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்றும், மற்றொன்றில் ‘தொடக்கத்தில் வாக்கு இருந்தது’ என்றும் அச்சாகியிருந்தது. வகுப்பெடுத்தவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். வாக்கு என்றால் கொடுத்த வாக்கு, கடவுள் கொடுத்த வாக்கைத் தவறமாட்டார், ஆகவே யோவான் இங்கே பேசுவது ஆபிரகாமுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியைப் பற்றித்தான் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். கேட்க இனிமையாகவே இருந்தது. ஆனால் அவ்விளக்கம் முழுவதும் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இருக்கும் இன்னொரு பொருளின் மேல்தான் நின்றது. யோவான் எழுதிய ‘லோகோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சொல், பேச்சு, காரணம், அறிவொழுங்கு என்றெல்லாம் பொருள் விரியும். வாக்குறுதி என்று சொல்லப் புதிய ஏற்பாடு வழக்கமாக எடுத்தாள்வது ‘எபாங்கெலியா’ என்னும் வேறொரு சொல்.

மொழிபெயர்ப்பை மூலமாக எடுத்துக்கொள்ளும் இத்தவற்றை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். ‘கடவுள்’ என்பதை ‘கட’ என்றும் ‘உள்’ என்றும் பிரித்து, எல்லாவற்றையும் கடந்தும் எல்லாவற்றின் உள்ளும் இருப்பவர் என்று விளக்காத பிரசங்கியார் நம் ஊர்களில் அரிது. அந்தப் பிரிப்பு சொல்லும் கருத்து அழகானது, கிறித்தவ இறையியலுக்கு முரணானதும் அன்று. ஆயினும் தொல்காப்பியத்திலேயே வழங்கும் ஒரு சொல்லை இன்று இவ்வாறு உடைத்துக் காட்டுவதால், ஆதியாகமத்தை எழுதியவர் அப்படித்தான் எண்ணினார் என்று நிறுவிவிட முடியாது.

இதற்கு அடுத்த தவறு, தாம் பிறந்து வளர்ந்த சபையின் சொல்லே வேதத்தின் சொல் என்று கொள்வது. ‘தேவன்’ என்பதே சரி, ‘கடவுள்’ புறமதத்தார் சொல் என்று ஒருவர் வாதிடுவார். ‘தேவன்’ பல தேவர்களில் ஒருவன் என்றல்லவா பொருள்படும் என்று மற்றவர் திருப்பிக் கேட்பார். இருவரும் அச்சேறிய ஆண்டுகளைப் பார்ப்பதில்லை. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் நிறைவுற்றது. அவருக்குப் பின் வந்த மிஷனரி பப்ரிசியுஸ், சென்னை வேப்பேரியில் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய மொழிபெயர்ப்பில் ‘பராபரன்’ என்று எழுதினார். பவர் தலைமையிலான குழு 1871இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. கத்தோலிக்கரோ நெடுங்காலம் ‘சர்வேசுரன்’ என்றே வேண்டி வந்தார்கள். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்கிறது. ஆக, பாட்டனாருக்குப் பராபரன், தகப்பனாருக்குத் தேவன், பேரனுக்குக் கடவுள் என்று ஒரே குடும்பத்திலேயே வேண்டுதலின் சொல் மாறியிருக்க இடமுண்டு. பழைய மொழிபெயர்ப்பின் நடையில் ஊறிய கிறித்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷனரி ரேனியுஸ் கொண்டுவந்த திருத்தங்களைக் கடுமையாக எதிர்த்தார். இன்று பொது மொழிபெயர்ப்பை எதிர்ப்பவர்கள் போற்றும் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் ஒருகாலத்தில் புதுவரவாக வந்ததுதான்.

புதியதே திருத்தமானது என்று எண்ணுவதும் இதே தவற்றின் மறுபக்கம். யோவான் 1:14ஐ 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு, பொது மொழிபெயர்ப்பு இரண்டிலும் படித்துப் பாருங்கள். பழையது ‘அந்த வார்த்தை மாம்சமாகி’ என்கிறது. புதியது ‘வாக்கு மனிதர் ஆனார்’ என்கிறது. கிரேக்கத்தில் இருப்பது ‘சார்க்ஸ்’, அதாவது தசை, ஊன். கடவுள் ஊனாகினார் என்பது அக்காலக் கிரேக்கச் செவிக்குக் கூச்சம் தந்திருக்கக்கூடிய கூற்று. அந்தக் கூச்சம் ‘மாம்சம்’ என்பதில் தங்கியிருக்கிறது, ‘மனிதர்’ என்பதில் தேய்ந்துவிட்டது. அதே வசனத்தில் ‘நம்மிடையே குடிகொண்டார்’ என்று புதிய மொழிபெயர்ப்பு எழுதியிருப்பதோ, கூடாரமிட்டுத் தங்கினார் என்னும் மூலப் பொருளை, கோயிலில் குடிகொண்ட தெய்வம் என்னும் நம் வழக்கோடு சேர்த்துவிடுகிறது. அந்த இடத்தில் என் கை புதியதற்கே போகிறது.

கத்தோலிக்கப் பெயர் வழக்கைக் கேலி செய்பவர்களும் இதில் வழுக்குகிறார்கள். யோவானை ‘அருளப்பர்’ என்பது வெறும் நாட்டுப்புறச் செல்லப்பெயர் அன்று. யோகனான் என்னும் எபிரேயப் பெயருக்கு ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்பது பொருள். பவுல் என்பதன் இலத்தீன் மூலம் ‘சிறியவர்’ என்று பொருள்படுவதால்தான் அவர் ‘சின்னப்பர்’ ஆனார். ஒலியைக் கொண்டுவருவதா, பொருளைக் கொண்டுவருவதா என்னும் கேள்விக்கு அளிக்கப்பட்ட கவனமான விடைகள் அவை. ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று போர்த்துக்கீசிய ஒலியையே வேண்டுதலில் வைத்துக்கொண்டதும் அதே கேள்விக்கு மற்றொரு விடைதான். ‘சிலுவை’ சிரியாக் மொழியிலிருந்து வந்தது என்பதை இன்று யாரும் நினைப்பதுகூட இல்லை.

இனி, சற்று ஆழமான ஒரு தவறு. இயேசுவின் பிறப்பை ‘அவதாரம்’ என்று சொல்லிவிட்டு, விளங்கிவிட்டது என்று கடந்துபோவது. அல்லது அச்சொல்லைக் கேட்டதுமே கலப்படம் என்று முகம் சுளிப்பது. இரண்டுமே சிந்தனையைப் பாதியில் நிறுத்துகின்றன. கீதையின் நான்காம் அத்தியாயத்தில் யுகந்தோறும் தோன்றுவேன் என்று கண்ணன் சொல்கிறான். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபமோ ‘ஒரேதரம்’ என்பதை அழுத்திச் சொல்கிறது. 451ஆம் ஆண்டு திருச்சபை ஆயர்கள் கூடிய கால்கெதோன் சங்கம் கிறிஸ்துவை மெய்யான கடவுள் என்றும் மெய்யான மனிதர் என்றும் அறிக்கையிட்டது, அவர் மனிதத் தோற்றம் மட்டுமே கொண்டிருந்தார் என்னும் பழைய போதனைக்கும் இடமில்லாமற் செய்தது. ‘அவதாரம்’ என்னும் சொல்லைத் தெரிந்தே எடுத்தாண்டவர் சென்னையின் வி. சக்கரை. வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், ஒருகாலத்தில் சென்னை மாநகரின் மேயர். இறையியல் கல்லூரிச் சுவர்களுக்கு வெளியே நின்றுதான் அவர் சிந்தித்தார். வந்து தன் பணி முடித்து மறையும் அவதாரம் அன்று இது, உயிர்த்த கிறிஸ்துவின் மனிதம் இன்றும் நீடிக்கிறது என்பது அவருடைய வாதத்தின் உயிர்நாடி. சொல்லை இரவல் வாங்கினார், பொருளை உள்ளிருந்து திருத்தினார். அந்தத் திருத்தத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் அவருக்கு அநீதி செய்கிறார்கள்.

ஒப்புமையைக் கண்டதும் அதிலிருந்து வரலாறு கட்டுவது தமிழர்களாகிய நமக்கு மிகவும் பிடித்தமான தவறு. இதில் மிஷனரியும் தமிழறிஞருமான ஜி.யு. போப்பே முன்னோடி. 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட அவர், மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறித்தவப் போதகர்களோடு உலாவி அவர்களிடமிருந்து கருத்துகளைப் பெற்றதாகக் கற்பனை செய்து பார்த்தார். இயேசுவின் சீடர் தோமா மயிலாப்பூரில் இரத்தசாட்சியானார் என்னும் நீண்ட மரபும், வள்ளுவரை அதே ஊரோடு இணைக்கும் மரபும் இருப்பதால், அந்தக் கற்பனைக்கு நல்ல மேடை கிடைத்தது. ஆனால் பகைவருக்கு நன்மை செய் என்று இரண்டு நூல்கள் சொல்வதால் ஒன்று மற்றொன்றைப் படித்தது என்று ஆகாது. ‘இன்னாசெய் தாரை ஒறுத்தல்’ குறளுக்கு மலைப்பிரசங்கத்தின் துணை தேவையில்லை. ஒப்பிட்டுப் படிப்பதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. ஒப்புமையிலிருந்து தொடர்புக்குத் தாவுவதற்கு இடையில் சான்று என்று ஒன்று வேண்டும்.

கடைசியாகச் சொல்வதே என் மனத்தை அதிகம் உறுத்துவது. ‘தமிழ்ப் பண்பாட்டில் கிறித்தவம்’ என்று கட்டுரை எழுதும்போது, யாருடைய பண்பாடு என்று கேட்காமல் விடுவதுதான் அது. எல்லாக் கட்டுரைகளும் 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலியின் காவி உடையில் தொடங்கும். சிவதர்மன் என்னும் பிராமணரிடம் அவர் வடமொழி கற்றதும், பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்களே என்று வாதாடி 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியின் இசைவைப் பெற்றதும் மெய். ஆனால் அதே மதுரையில் ஏற்கெனவே பரதவக் கிறித்தவர்களுக்கு ஒரு கோயில் இருந்தது, நொபிலி தம்மால் கிறித்தவரானவர்களை அதிலிருந்து பிரித்தே வைத்தார் என்பதையும் அதே பத்தியில் எழுத வேண்டும். திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த தேவாலயம் இரண்டு கால்களாகப் பிரிந்து நடுவில் பலிபீடம் வைத்த அமைப்புடையது. சாதியார் ஒருவரையொருவர் காணாமல் வழிபடுவதற்கென்றே அப்படிக் கட்டினார்கள், குறுக்குச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரும், மிஷனரிகள் சபைக்குள் சாதி வேறுபாட்டை நீக்க முயன்றபோது எதிர்த்தவர்களின் பக்கமே நின்றார். அவருடைய பாடல்களை நான் நேசித்துப் பாடுகிறேன். அதற்காக இதை மறைத்துப் பேச முடியவில்லை.

இந்தியக் கிறித்தவ இறையியல் என்று நாம் பெருமையோடு சுட்டுவது பெரும்பாலும் பிராமண மரபோடு மட்டுமே உரையாடியது என்று இறையியலாளர் அரவிந்த் நிர்மல் 1980களில் சுட்டிக்காட்டியதும், சென்னைக் குருகுல இறையியல் கல்லூரியிலிருந்து தலித் இறையியல் உருப்பெற்றதும் இந்தக் கேள்வியிலிருந்துதான். மதுரை அரசரடியிலுள்ள இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, ‘பறட்டை’ என்று மாணவர்களால் அழைக்கப்பட்டவர், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே பந்தியைப் பற்றிப் பேச வந்தபோது அவர் எடுத்துக்கொண்ட படிமம், பலரும் சேர்ந்து அரிசி போட்டுப் பொங்கி உண்ணும் ‘ஒரு உலை’. நற்கருணை, இராப்போஜனம், திருவிருந்து என்று மூன்று பெயர்களை வைத்திருக்கும் நம் சபைகளில், அந்த நான்காவது சொல்லை அகராதியில் சேர்க்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.