லொத்தர் விழுந்ததாம், கையோடு செக்கும் வந்ததாம்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சின் நம்பர் (அரசாங்கம் தரும் சமூகக் காப்புறுதி இலக்கம்), வங்கிக் கணக்கு, ஹெல்த் காட், பஸ்ஸுக்குப் பிரெஸ்டோ காட். இவற்றை எங்கே போய் எடுப்பது என்று சொல்லித்தர டொரொண்டோவின் ஸ்காபரோவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. திறந்த கணக்கில் முன்பின் தெரியாத ஒருவரின் செக்கைப் போட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. சனம் மாட்டுப்படுவது அங்கேதான்.

தபாலில் ஒரு கடிதம் வரும். மூலையில் பொன்நிற முத்திரை, நடுவில் உங்கள் பெயர், கீழே ஒரு கோரிக்கை இலக்கம். உங்களுக்கு லொத்தரில் 250,000 டொலர் விழுந்திருக்கிறது என்று இருக்கும். கூடவே, உதாரணத்துக்கு, 3,850 டொலருக்கு ஒரு செக். "இது வரி கட்டுவதற்கான முற்பணம். வங்கியில் போடுங்கள். காசு ஏறியதும் 2,900 டொலரை எங்கள் முகவருக்கு அனுப்புங்கள். மிச்சம் உங்களுக்கு. பரிசு கைக்கு வரும்வரை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்."

படித்தவர்களும் இதில் விழுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் காசில் ஒரு சதமும் கேட்கவில்லை. அவனல்லவா முதலில் தந்திருக்கிறான்! இரண்டாவது காரணம் நம் ஊர்ப் பழக்கம். ஊரில் செக் போட்டால், அது மாறிய பிறகுதான் காசை எடுக்க விடுவார்கள். காசு கையில் வந்தால் செக் மாறிவிட்டது என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். கனடாவில் அந்தக் கணக்குப் பிழைக்கும்.

இங்கே வங்கி ஒரு செக்கை எத்தனை நாள் மறித்து வைக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் எல்லை உண்டு. பொதுவாக 1,500 டொலர் வரையான செக்கை உள்ளே போய் ஊழியரிடம் கொடுத்தால் 4 வேலை நாள். இயந்திரத்திலோ ஃபோனில் படம் பிடித்தோ போட்டால் 5. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 7, 8 நாள். கணக்குத் திறந்து 90 நாள் ஆகாதவர்களுக்கு இன்னும் நீளலாம். இதைத்தான் 'ஹோல்ட்' என்பார்கள். ஹோல்ட் எடுபட்டால் காத்திருக்கும் நாள் முடிந்தது, அவ்வளவுதான். செக் நல்லதென்று அதற்கு அர்த்தமில்லை. செக் உண்மையாகவே மாறும்வரை உங்கள் கையில் இருப்பது வங்கி உங்களை நம்பித் தந்த கைமாற்று. செக் இரண்டு மூன்று கிழமை கழித்துத் திரும்பினாலும் 3,850 டொலர் முழுவதையும் உங்கள் கணக்கில் இருந்து திருப்பி எடுப்பார்கள். அனுப்பிய 2,900 போனது போனதுதான். கணக்கு மைனஸில் நிற்கும், சிலவேளை கணக்கையே மூடிவிடுவார்கள். கடன் வசூல்காரரிடம் போனால் உங்கள் கிரெடிட்டிலும் (கடன் பதிவிலும்) அது ஏறும். வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது வீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆகவே வங்கி ஊழியரிடம் "காசு ஏறிவிட்டதா?" என்று கேட்டுப் பிரயோசனமில்லை. ஏறிவிட்டது என்றுதான் சொல்வார், அது பொய்யும் இல்லை. "இந்தச் செக் இனித் திரும்பி வராது என்று சொல்வீர்களா?" என்று கேளுங்கள். தயங்கினால் காசைத் தொடாதீர்கள். எப்படிக் கிடைத்த செக், யாருக்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிடுங்கள்.

செக்கை உற்றுப் பார்த்தால் சிலது அங்கேயே பிடிபடும். அடியில் ஓடும் இலக்கங்களில், செக் நம்பரை அடுத்து கிளைக்கு 5 இலக்கம், வங்கிக்கு 3 இலக்கம், பிறகு கணக்கு இலக்கம். வங்கி இலக்கங்களில் ஸ்கோஷியா 002, ரோயல் 003, ரீடி 004, சிஐபிசி 010. மேலே ஒரு வங்கியின் பெயரும் கீழே இன்னொன்றின் இலக்கமும் இருந்தால் பெரும்பாலும் கள்ளச் செக். பொருந்தினால் நல்லதென்று எண்ணிவிடாதீர்கள்: உண்மையான கம்பனிகளின் கணக்கு இலக்கத்தைத் திருடியே பல செக்குகளை அச்சடிக்கிறார்கள். செக்கில் உள்ள கம்பனியின் ஃபோன் நம்பரை நீங்களே தேடி எடுத்து அழைத்துக் கேளுங்கள். கடிதத்தில் உள்ள நம்பருக்கு அழைத்தால் அவனே "ஓம், உண்மைதான்" என்பான்.

வரிக் கதையும் வெறும் புளுகு. கனடாவில் லொத்தர் பரிசுக்கு வருமான வரியே இல்லை. வரி உள்ள நாடுகளிலும் பெரும்பாலும் பரிசில் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். இந்தியாவில் 30 வீதம் பிடிப்பதும் அப்படித்தான். வென்றவரிடம் முன்கூட்டி வரி கேட்கும் லொத்தர் கிடையாது.

ஒன்ராறியோவில் உண்மையாகவே விழுந்தால் நடப்பது வேறு. கடையில் காசு கொடுத்து வாங்கிய சீட்டு யாருடையது என்று லொத்தர்க்காரருக்கே தெரியாது. சீட்டில் கையெழுத்து வைத்துக் கடையில் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இயந்திரம் "வின்னர்" என்று பாடும். சிறிய தொகை அங்கேயே கிடைக்கும், பெரியதை லொத்தர் கூட்டுத்தாபனத்திடம் கோர வேண்டும். சீட்டிழுத்த நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் கோரினால் போதும். "இன்று மாலைக்குள்" என்று அங்கே ஒருவரும் நெருக்கமாட்டார்கள். சீட்டே வாங்காதவருக்கு என்ன பரிசு?

ஃபோனில் வருபவர்களின் நம்பரையும் பாருங்கள். 876 என்று தொடங்கினால் அது யமேக்கா. அந்த நாடும் கனடாவைப் போல +1க்குள் வருவதால் பக்கத்து ஊர் நம்பர் மாதிரித் தெரியும். திரையில் டொரொண்டோவின் 416 காட்டினாலும் நம்ப வேண்டாம், நம்பரைப் போலியாகக் காட்டுவது லேசு. முகநூலில் தெரிந்த அக்காவின் படத்தோடு "பட்டியலில் உங்கட பெயரும் இருக்கு" என்று செய்தி வந்தால் அவவின் பழைய நம்பருக்கு எடுத்துக் கதையுங்கள். பெரும்பாலும் படத்தைத் திருடித் திறந்த கணக்காக இருக்கும். கடையில் கிஃப்ட் காட் வாங்கி, சுரண்டி, இலக்கத்தை வாசிக்கச் சொன்னால் அதற்குமேல் யோசிக்கவே தேவையில்லை.

அனுப்பியாகிவிட்டதா? வங்கிக் காட்டின் பின்னால் உள்ள நம்பருக்கு உடனே அழையுங்கள். பணம் அனுப்பும் கடை வழியாகப் போயிருந்தால், மறுபக்கம் எடுக்கும் முன் நிறுத்த வழியுண்டு, மணித்தியாலக் கணக்குத்தான். வங்கிக் கணக்கில் இருந்து இணையத்தில் அனுப்பும் ஈ-ட்ரான்ஸ்பர் தானாக அவன் கணக்கில் விழுந்திருந்தால் நீங்கள் நிறுத்த முடியாது, ஆனாலும் வங்கிக்குச் சொல்லுங்கள். சின் நம்பரைக் கொடுத்திருந்தால் கிரெடிட் பதிவு வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டிலும் மோசடி எச்சரிக்கை போடச் சொல்லுங்கள். கடித உறை, செக்கின் படம், ரசீது எதையும் எறிய வேண்டாம். பொலிஸுக்குச் சொல்லிவிட்டு, கனேடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் 1-888-495-8501 இல் சொல்லுங்கள். அகதிக் கோரிக்கை நடக்கிறது, பொலிஸ் என்றால் பயம் என்று சிலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஏமாந்தது குற்றமில்லை, தெரிந்த பிறகும் அவனுடைய காசைக் கைமாற்றிக் கொடுப்பதுதான் குற்றம்.

கொஞ்சக் காலம் போனதும் இன்னொருவர் எடுப்பார். வக்கீல் என்பார், பொலிஸ் என்பார். இழந்த காசை மீட்டுத் தரலாம், பதிவுக் கட்டணம் 400 டொலர் மட்டும் என்பார். ஏமாந்தவர்களின் பட்டியலை இவர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்வார்கள். உங்கள் பெயர் அதில் ஏறிவிட்டது என்பதுதான் அந்த அழைப்புக்கு அர்த்தம்.