புது வீட்டில் டொரன்ட் ஊர்கிறதா? கம்பெனிக்குப் போன் போடும் முன்...

வேறு நாட்டுக்கு வந்து வீடு பிடித்து, வங்கிக் கணக்கு திறந்து, ஒரு வழியாக நெட்டும் வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனால் டொரன்டில் (ஒரே ஃபைலைப் பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறை) ஒரு ஃபைலைப் போட்டால் நத்தை மாதிரி ஊர்கிறது. உடனே கம்பெனிக்குப் போன் போடக் கை பரபரக்கும். இப்போதைக்கு வேண்டாம். அரை மணி நேரம் காத்திருப்பு இசையைக் கேட்ட பிறகு 'ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்' என்ற பதில்தான் கிடைக்கும். கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

முதலில் கணக்கு. கம்பெனிக்காரர்கள் சொல்வது பிட், டொரன்ட் செயலி காட்டுவது பைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அதிகபட்சமே நொடிக்கு 12.5 எம்பிதான், 11 வந்தாலே நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். 'பாதிகூட வரவில்லை' என்று புலம்புகிற பலருக்குப் பிரச்சினை இந்த வகுத்தலோடு முடிந்துவிடும்.

அதற்கும் கீழே என்றால், சோதிக்க உபுண்டு லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தின் அதிகாரப்பூர்வ டொரன்டை இறக்கிப் பாருங்கள். சட்டப்படி எந்தச் சிக்கலும் இல்லை, சீடர்களும் ஏராளம் (குருவின் சீடர்கள் அல்ல, முழு ஃபைலையும் வைத்துக்கொண்டு பிறருக்குக் கொடுப்பவர்கள்). அது வேகமாக இறங்கி உங்கள் ஃபைல் மட்டும் ஊர்ந்தால், அதைக் கொடுக்க ஆளில்லை என்று பொருள், நீங்கள் தலைகீழாக நின்றாலும் வேகம் வராது. உபுண்டுவும் ஊர்ந்தால்தான் மேலே படிக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம், அப்லோட். நான் வந்த புதிதில் நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். ராத்திரி ஒன்பது மணியானால் ஒருவருக்கு வீடியோ கால் உறைந்துவிடும், இன்னொருவருக்குப் பக்கமே திறக்காது, எனக்கோ டவுன்லோட் நொடிக்கு 200 கேபியில் தள்ளாடும். எல்லோரும் சேர்ந்து கம்பெனியைத் திட்டினோம். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, குற்றவாளி நான்தான். என் லேப்டாப்பில் டொரன்டின் அப்லோடுக்கு வரம்பே வைக்கவில்லை.

டவுன்லோட் ஆகும்போது துண்டு துண்டாக வரும் தரவுக்கு 'வந்து சேர்ந்தது' என்று நம் கணினி பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தப் பதில் போவது அப்லோட் பாதையில். கேபிள், டிஎஸ்எல் இணைப்புகளில் அந்தப் பாதை ரொம்பக் குறுகல், 100 டவுன்லோட் தருபவர்கள் 10 அப்லோட் தருவது சாதாரணம். அதை டொரன்டே அடைத்துக்கொண்டால் பதில்கள் ரௌட்டரில் வரிசையில் நிற்கும், பதில் வராததால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைப்பார், வீடே ஸ்தம்பிக்கும். ஆகவே ஸ்பீடு டெஸ்டில் வரும் அப்லோட் அளவில் 75 முதல் 80 சதவீதத்தைச் செயலியில் உச்சவரம்பாக வையுங்கள். 10 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்குச் சுமார் 950 கேபி.

சரி, அப்லோடைச் சுத்தமாக நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அது இன்னும் மோசம். பிராம் கோஹன் என்கிற நிரலாளர் 2001இல் பிட்டொரன்டை (டொரன்டின் முழுப் பெயர் இதுதான்) வெளியிட்டபோதே 'நீ கொடுத்தால் நானும் கொடுப்பேன்' என்கிற விதியை உள்ளே வைத்துவிட்டார். கொடுக்காதவன் வரிசையில் கடைசி. கூடவே செயலி பிறரோடு வைத்துக்கொள்ளும் மொத்த இணைப்புகளின் எண்ணிக்கையை 200 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் வைத்தால் வேகம் கூடாது, மலிவான ரௌட்டர் திணறிப் படுத்துவிடும்.

அடுத்தது போர்ட். வெளியிலிருந்து யாராவது உங்களைத் தேடி வர ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். க்யூபிட்டொரன்ட் போன்ற செயலிகளில் கீழ்ப்பட்டையில் உள்ள சிறு குறியே கதவு திறந்திருக்கிறதா என்று காட்டிவிடும். மூடியிருந்தால் ரௌட்டரில் யுபிஎன்பி வசதியை (செயலி கேட்டால் கதவைத் தானாகத் திறந்துவிடுவது) இயக்குங்கள், அல்லது 49152க்கு மேல் ஏதாவது ஒரு போர்ட் எண்ணைத் தேர்ந்தெடுத்து நீங்களே திறந்துவிடுங்கள். பழைய 6881 எண் வேண்டாம், சில கம்பெனிகள் அதைக் குறிவைத்து மறிப்பதுண்டு.

இதையெல்லாம் செய்தும் திறக்கவில்லையா? ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிமுக ஐபி (வெளிப்பக்கம் ரௌட்டருக்குக் கிடைத்திருக்கும் முகவரி எண்) என்ன என்று பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் பெரும்பாலும் உங்களுக்கு மேலே இன்னொரு ரௌட்டர் இருக்கிறது, அறை வாடகையோடு நெட்டும் சேர்த்துக் கொடுக்கும் வீடுகளில் அது உரிமையாளரின் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது என்றால், கம்பெனியே பல வீடுகளை ஒரே ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறது, இதற்கு சிஜிநாட் என்று பெயர். வந்தவுடன் கேபிள் இழுக்கக் காத்திருக்க முடியாமல் நாம் வாங்கும் 5ஜி பெட்டிகளில் இது சகஜம். தனி ஐபி கேட்டுப் பாருங்கள், சிலர் தருவார்கள். ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) இருந்தால் அதையும் இயக்கிவையுங்கள், பல நேரம் அந்த வழியில் தப்பிக்கலாம்.

வைஃபையைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. அடுக்குமாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் மோதிக்கொள்ளும், 5க்கு மாறுங்கள், முடிந்தால் கேபிளே போடுங்கள். ஆனால் கேபிளும் ஏமாற்றும். பிறகு நான் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறியபோது, எத்தனை முறை சோதித்தாலும் 94தான் வந்தது. ஒருநாள் கேபிளை உருவிப் பார்த்தால் முனையில் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து, உள்ளே எட்டுக் கம்பிகளில் ஒன்று பின்வாங்கியிருந்தது. எட்டும் தொட்டால்தான் கிகாபிட், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றினேன், முடிந்தது.

கம்பெனியே டொரன்டைக் குறிவைத்து மெதுவாக்குவது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் காம்காஸ்ட் இப்படிச் செய்தது 2007இல் வெளிவந்து, மறு ஆண்டு அரசு ஆணையமான எஃப்சிசி தலையிட்டது. ஆனால் சந்தேகப்பட வேண்டியது கடைசியில்தான். செயலியில் என்கிரிப்ஷனை (தரவை மறையாக்கி அனுப்புவது) இயக்கிப் பாருங்கள், விபிஎன் (எல்லாவற்றையும் மறைத்து வேறொரு சர்வர் வழியே அனுப்பும் சேவை) போட்டும் பாருங்கள். விபிஎன்னில் வேகம் எகிறினால் சந்தேகம் சரி. ஆனால் போர்ட் திறக்க விடாத விபிஎன் என்றால் முன்பு சொன்ன கதவுப் பிரச்சினை மறுபடி தொடங்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். டொரன்டில் இறக்கும்போதே நாம் பிறருக்கு விநியோகிக்கவும் செய்கிறோம், சட்டத்தின் கண்ணில் உறுத்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். ஜெர்மனி போன்ற நாடுகளில் புதுப் படத்தை இறக்கினால் வக்கீலிடமிருந்து பணம் கேட்டுக் கடிதம் வரும், அதுவும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயருக்கு. அறை கொடுத்தவரை மாட்டிவிடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் நகரவில்லை என்றால் இப்போது போன் போடலாம். கேபிளில் இணைத்து, டொரன்டை மூடிவிட்டு, மதியம் ஒருமுறை, ராத்திரி ஒன்பதுக்கு ஒருமுறை என மூன்று நாள் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து, படங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 'ரௌட்டரை அணைத்துப் போடுங்கள்' என்று தொடங்கினால், போட்டாகிவிட்டது என்று சொல்லி அந்த எண்களை வாசியுங்கள்.