சமணர் மலையிலிருந்து மதுரையைப் படம் எடுக்கலாம், போன் போதும்

கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் படம் எடுக்கவென்று நான் முதலில் போனது விடியற்காலையில். ஐந்தரைக்கே மலை ஏறி, சூரியன் வரும்வரை காத்திருந்து, கிழக்கே விரிந்து கிடந்த மதுரையை எண்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாமே வெள்ளைப் புகை, ஊரையே காணோம். போன்தான் பழசாகிவிட்டது என்று நினைத்து புதுப் போன் விலையெல்லாம் விசாரித்தேன். நல்லவேளை, வாங்கவில்லை. இன்னும் மூன்று தடவை ஏறி இறங்கிய பிறகுதான் எங்கே சொதப்பினேன் என்று தெரிந்தது.

கேமராவை எப்படித் திறப்பது என்பதெல்லாம் இங்கே இல்லை. லென்ஸை மட்டும் சட்டை நுனியால் ஒரு தடவை துடைத்துவிட்டு வாருங்கள்.

படி 1: வெயில் எந்தப் பக்கம்?

மலை மேல் நின்றால் மீனாட்சியம்மன் கோயில் கிட்டத்தட்ட நேர் கிழக்கே, ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கிறது. அதனால் காலையில் ஊரைப் பார்த்தால் சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே நிற்கும். ஊருக்கு மேல் மிதக்கிற தூசி, அடுப்புப் புகை, பனி எல்லாம் அந்த வெளிச்சத்தில் பளபளக்கும். புழுதி ரோட்டில் எதிரே லைட் போட்டுக்கொண்டு பஸ் வந்தால் ஒன்றும் தெரியாதே, அதே கதைதான். சாயங்காலம் வெயில் முதுகுப் பக்கமிருந்து விழும், தூசி அவ்வளவாகத் தெரியாது, வீடுகளின் மேற்குச் சுவரெல்லாம் மஞ்சளாகத் தெரியும். 170 அடி உயரத் தெற்குக் கோபுரமே அங்கிருந்து நகத்தளவுதான், ஆனால் தெளிவான நாளில் கண்டுபிடித்துவிடலாம். நவம்பரில் ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும், ஜூனில் ஆறு நாற்பது வரை ஆகும். எப்போது போனாலும் ஒன்றரை மணி நேரம் முன்னால் மேலே இருங்கள்.

காலையில் போகவே கூடாது என்றில்லை. அப்போது ஊரை விட்டுவிட்டு மலைகளை எடுக்க வேண்டும். வடகிழக்கே படுத்திருக்கும் யானைமலை, தென்கிழக்கே திருப்பரங்குன்றம், இரண்டும் கறுப்பு நிழலாக அடுக்கடுக்காக வரும். மேயிலிருந்து ஜூலை வரை சூரியன் யானைமலைப் பக்கமாக எழும்பும். மார்ச், செப்டம்பர் கடைசியில் ஊருக்கு நேர் மேலே வரும். எந்தத் தேதியில் எங்கே உதிக்கும் என்பதை சன்கால்க் தளம் இலவசமாகவே வரைபடத்தில் காட்டிவிடுகிறது. இதற்குக் காசு கொடுத்து ஆப் வாங்குவது, என்னைக் கேட்டால், தண்டம்.

மாதம் என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். இரண்டு நாள் மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் சாயங்காலம் கிடைத்தால் வேறு வேலையை ஒத்திப்போடுங்கள்.

படி 2: வானத்தை அடக்குவது

நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது இங்கேதான். நாம் பார்க்கும்போது மேகத்தின் மடிப்பும் தெரிகிறது, கீழே தாமரைக் குளமும் தெரிகிறது. போன் அப்படிப் பார்ப்பதில்லை. இருட்டான பாறையையும் மரத்தையும் பார்த்து “வெளிச்சம் போதவில்லை” என்று தானே முடிவு செய்து எல்லாவற்றையும் ஏற்றிவிடும், வானம் வெளுத்துப்போகும்.

திரையில் வானத்தின் வெளிச்சமான இடத்தை, அதாவது மேகத்தின் ஓரத்தை, விரலால் தொடுங்கள். சூரியனையே தொட வேண்டாம். தொட்ட விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள், பூட்டு அடையாளமோ லாக் என்ற எழுத்தோ வரும் வரைக்கும். அப்புறம் பக்கத்தில் வரும் குட்டிச் சூரியனைக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள், மேகத்தில் கோடுகள் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். தரை இருட்டாகத் தெரியும், பயப்படாதீர்கள். இருட்டைப் பிறகு ஓரளவு மீட்டுவிடலாம். வெளுத்த வானத்தை யார் வந்தாலும் மீட்க முடியாது.

நான் வெறுமனே தொட்டுவிட்டு விரலை எடுத்துவிடுவேன். போனை அரை அங்குலம் அசைத்ததும் அது மறுபடி தன் கணக்குக்கே போய்விடும். “சரியாத்தானே வச்சேன்” என்று புலம்பிக்கொண்டே அத்தனை படத்தையும் பாழாக்கினேன். அழுத்திப் பிடிப்பதுதான் விஷயமே.

படி 3: 0.5-ஐத் தொடாதீர்கள்

பெரிய காட்சி என்றதும் எல்லாரும் 0.5 ஜூமுக்குத்தான், அதாவது அகலமாகக் காட்டும் லென்ஸுக்குத்தான் போகிறார்கள். அதில் யானைமலை எறும்பு மலையாகிவிடும். 2 அல்லது 3 வைத்துப் பாருங்கள், மலை எழுந்து பக்கத்தில் வந்து நிற்கும். முன்னால் ஒரு பாறை விளிம்போ கைப்பிடிக் கம்பியோ கொஞ்சம் வரட்டும், அப்போதுதான் தூரம் தெரியும்.

வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் போனைப் பையில் போட்டுவிட்டு மலையிலேயே இருக்கும் பேச்சிப்பள்ளத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலான சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு. பாதுகாக்கப்பட்ட இடம், சிற்பத்தின் மேல் சாய்ந்து செல்ஃபி வேண்டாம். பாறையில் தன் பேரையும் அவள் பேரையும் கீறி வைத்திருப்பவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

படி 4: வயலுக்கு வாங்க

கிராமப்புறம் என்றால் நான் சோழவந்தான் பக்கம் போவேன். வெற்றிலைக் கொடிக்கால், தென்னந்தோப்பு, நடுவே நெல். நடவு முடிந்த முதல் இரண்டு மூன்று வாரம்தான் வயலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். பயிர் வளர்ந்து மூடிவிட்டால் போச்சு. போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீரை ஒட்டி இருக்கும்படி இறக்குங்கள். நாற்றின் நுனி, அதன் நிழல், மேகம், கொக்கு எல்லாம் இரண்டிரண்டாக விழும். காற்று எழும்புவதற்கு முன், ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஒருமுறை இப்படிக் குனிந்திருந்தபோது பின்னாலிருந்து குரல்: “தம்பி, வரப்பு இன்னும் பச்சையா இருக்கு, மிதிச்சா உக்காந்துரும். அந்தப் பக்கமா வாங்க.” திரும்பிப் பார்த்தால் நான் நின்ற இடத்தில் இரண்டு கால் தடமும் நாலு விரல் ஆழத்துக்கு இறங்கி, தண்ணீர் அடுத்த வயலுக்குக் கசிந்துகொண்டிருந்தது. அவரே மண்வெட்டியால் ஒரு கொத்து சேறு அள்ளி அடைத்தார். அதிலிருந்து கேட்டுவிட்டுத்தான் வயலில் இறங்குவது. நடவு செய்யும் அம்மாக்களைப் படம் எடுப்பதாக இருந்தாலும் அப்படித்தான்.

திருத்தம்

படத்தைத் திருத்த ஸ்னாப்சீட் ஆப் போதும். நிழலை ஏற்றுங்கள், வானம் இன்னும் வெளிறி இருந்தால் ஹைலைட்டைக் குறையுங்கள், சாய்ந்த தொடுவானத்தை நேராக்குங்கள். நிறத்தைக் கூட்டும் பட்டனிடம் மட்டும் போகாதீர்கள், நெல் பச்சை பிளாஸ்டிக் பச்சையாகிவிடும்.

பிறகு சேர்த்தது: அழுத்திப் பிடித்தாலும் பூட்டு வரவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சில போன்களில் அது வருவதில்லை. புரோ மோட் இருந்தால் அதில் ஈவி என்பதை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) மைனஸ் 0.7-இல் வைத்துவிடுங்கள். பூட்டு மாதிரி அசையாமல் நிற்காது, ஆனால் போன் போடும் கணக்கைவிட எப்போதும் கொஞ்சம் இருட்டாகவே எடுக்கும்.

இன்னொருவருக்குப் படத்தில் பச்சைப் புள்ளி வருகிறதாம். அது சூரிய வெளிச்சம் லென்ஸுக்குள்ளே எதிரொளிப்பது. போனை லேசாகச் சாய்த்தால் புள்ளி நகரும், ஒரு கறுப்புப் பாறை மேல் கொண்டுபோய் விட்டால் பிறகு அழித்துக்கொள்ளலாம்.

மறந்துவிட்டேன், சாயங்காலம் போகிறவர்கள் இறங்கும்போது டார்ச் அடிக்க சார்ஜ் மிச்சம் வையுங்கள். படிகள் பாறையில் வெட்டியவை, மழை பெய்திருந்தால் வழுக்கும். நான் நாலு சதவீதத்தோடு நின்றபோது, கீழே கருப்பசாமி கோயில் விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன்.