பிரான்ஸில் முத்து வாங்கப் போகிறீர்களா?

நகைக்கடைச் சீட்டில் 'பெர்ல்' என்று பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள். முத்துக்கும் அதே சொல்தான், கோக்கிற சாதாரணப் பாசிமணிக்கும் அதே சொல்தான். 'பெர்ல் த வேர்' வெறும் கண்ணாடி மணி. எனவே பின்னால் ஒட்டி வருவதைப் படியுங்கள். 'பெர்ல் ஃபீன்' என்றால் தானாக விளைந்த இயற்கை முத்து, விலை எகிறும். கடைகளில் பெரும்பாலும் இருப்பது 'பெர்ல் த கியுல்த்யூர்', அதாவது வளர்ப்பு முத்து. வளர்ப்பு முத்தை அந்த முழுப் பெயரோடுதான் விற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ரசீதிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். கூடவே 'தோ தூஸ்' என்றிருந்தால் நன்னீரில் வளர்ந்தது.

அப்புறம் 'நாக்ர்'. இது முத்தல்ல, சிப்பி ஓட்டின் உட்புறம் வானவில்லாக மினுங்கும் படலம். பழைய சட்டைப் பொத்தான், விசிறிக் காம்பு, கத்திப் பிடி எல்லாம் இதில் செய்வார்கள். பாரிஸுக்கு வடக்கே உள்ள மேரு என்ற ஊர் இந்தப் பொத்தான்களுக்குப் பேர்போனது. அதற்கென அருங்காட்சியகமே இருக்கிறது. பசிபிக் கடலில் பிரெஞ்சு பேசும் தாஹிதித் தீவிலோ முத்துச்சிப்பியையே 'நாக்ர்' என்பார்கள்.

'நாக்ரே' என்று நீட்டி எழுதியிருந்தால் மட்டும் உஷார். அது முத்துப் போன்ற பளபளப்பைக் குறிப்பது. நகப்பூச்சுக் குப்பியிலும் அதே சொல் இருக்கும்.